பெயருக்கு முன்னே பகை வேண்டும்

மல்யுத்த மேடை: வாசகர் கேள்வி – பதில்

மல்லர்களின் இலச்சினைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: பார்த்தது போதும், நாங்களே ஒரு நிகழ்ச்சி செய்தால் என்ன? தேயிலைப் பெட்டிக்கும் சவர்க்கார உறைக்கும் முகம் வரைந்து கொழும்பில் வாழ்கிற எனக்கு இதைவிட உற்சாகமான கடிதங்கள் வந்ததில்லை. ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயர் ஏன் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆனது?
(சாதாரண தர மாணவர், மட்டக்குளி)

பதில்: பாண்டாக் கரடியைச் சின்னமாக வைத்திருக்கும் இயற்கைப் பாதுகாப்பு நிதியத்துக்கும் அதே மூன்று எழுத்துகள்தாம். அது 1961 இல் தொடங்கியது. நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்க மல்யுத்த நிறுவனம் அந்த எழுத்துகளுக்கு வந்தது 1979 இல். 1994 இல் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதை மல்யுத்த நிறுவனம் மீறிவிட்டது என்று இலண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நிதியம் வென்றது. 2002 மே மாதம் பெயர் மாறியது. நகத்தால் கீறியது போன்ற அந்த இலச்சினையை அவர்கள் தூக்கி எறியவில்லை. கடைசி எழுத்தின் கீறலை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பார்த்தவுடன் எவரும் அடையாளம் கண்டார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை.

கேள்வி: நானும் நண்பர்களும் மல்யுத்தக் குழு ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம். எனக்கு 'பிளக் வைப்பர்' என்று பெயர் வைத்து, இலச்சினையும் வரைந்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?
(உயர்தர மாணவர், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, உங்கள் கை நல்ல கை. பாம்பின் கழுத்து வளைவில் ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் ஐந்து நிறங்கள் போட்டிருக்கிறீர்கள். டீ சேர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் கட்ட வேண்டும், செலவு ஏறும். செலவைவிடப் பெரிய சிக்கல், அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஐந்து நிறமும் கலந்து ஒரு கறையாகத்தான் தெரியும். 1996 இல் ஹல்க் ஹோகன் கெட்டவராக மாறி, கெவின் நேஷ், ஸ்கொட் ஹோல் ஆகியோருடன் சேர்ந்து என்.டபிள்யூ.ஓ. குழுவை அமைத்தபோது அவர்களுக்குக் கிடைத்த சின்னம் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. சுவரில் யாரோ அவசரமாக மை தெளித்துவிட்டு ஓடியது போலிருக்கும். அதே ஆண்டில் ஸ்டீவ் ஒஸ்டின் என்ற மல்லரின் 'ஒஸ்டின் 3:16' டீ சேர்ட் வந்தது. கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து, படமே இல்லை. இரண்டையும் இன்றும் அணிகிறார்கள்.

பாம்பு ஏற்கெனவே பலர் கையில் இருக்கிறது. ஜேக் ரொபர்ட்ஸ் உண்மையான மலைப்பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர். ரண்டி ஓர்ட்டனை 'வைப்பர்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் இதுகூடச் சின்ன விடயம். உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் நான் தேடியது கிடைக்கவில்லை: இந்தக் கறுப்பு விரியன் யார்? யாரோடு அவருக்குப் பகை? எதற்காக?

கிளென் ஜேக்கப்ஸ் என்ற மல்லரைப் பாருங்கள். ஏழடிக்குச் சற்றுக் குறைவான மனிதர். 1995 இல் அவரை ஐசக் யாங்கெம் என்ற பல் வைத்தியராக்கினார்கள். எடுபடவில்லை. 1996 இல், நிறுவனத்தை விட்டுப் போய்விட்ட டீசல் என்ற மல்லரின் வேடத்தை அவருக்கு மாட்டினார்கள். அதுவும் எடுபடவில்லை. 1997 ஒக்டோபரில் அதே மனிதர் சிவப்பு முகமூடியுடன் கேன் ஆக வந்தார். கதைப்படி, அண்டர்டேக்கர் என்ற புகழ்பெற்ற மல்லரின் தம்பி, வீடு தீப்பற்றியபோது இறந்துவிட்டதாக அண்ணன் நம்பியிருந்த தம்பி. மாதக்கணக்கில் அண்ணன் அவரோடு மோத மறுத்தார். 1998 மார்ச்சில், ஆண்டுக்கொரு முறை நடக்கும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில்தான் அந்த மோதல் நடந்தது. அதே உடல், அதே பலம், அதே நிறுவனம். முகமூடிக்குப் பின்னால் ஒரு காரணம் வந்ததும் அவர் இருபது ஆண்டுக்கு மேல் நிலைத்தார். நிறமும் முகமூடியும் அந்தத் தீயிலிருந்து பிறந்தவை.

ஆகவே பெயரை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். முதலில் பகையை எழுதுங்கள். அதன் பிறகு வருகையை அமையுங்கள்.

வருகை என்றதும் எனக்கு மட்டக்களப்புதான் நினைவுக்கு வரும். நான் அங்கே பிறந்தவன். வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவன். வட்டக்களரியைச் சுற்றி நான்கு பக்கமும் சனம். வெள்ளைச் சீலையை இருவர் பிடிக்க, அதன் பின்னால் பாத்திரம் நிற்கும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்தில் வரவுத்தாளம் எழும். அரசனுக்கு ஒரு தாளம், வேடனுக்கு வேறு தாளம். சீலை விலகுமுன்னே யார் வருகிறார் என்று சனத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு ஆடி வந்து, 'நான் இன்னார்' என்று வரவுத்தருவில் அவரே பாடுவார். அண்டர்டேக்கரின் மணியோசை ஒரு தடவை விழுந்ததும் அமெரிக்க அரங்கு எழுந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. நீங்கள் ஆங்கில றொக் இசையைத் தேடி அலைய வேண்டாம். மத்தளம் தெரிந்த ஒருவரிடம் போய், உங்கள் பாத்திரத்துக்கு ஒரு தாளக்கட்டு வேண்டும் என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நீங்கள்தான் வருகிறீர்கள் என்று தெரியும்வரை அதை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளும் ரெஸ்லிங் பார்த்துவிட்டுக் கட்டிலில் ஒருவரையொருவர் தூக்கிப் போடுகிறார்கள். எல்லாம் நடிப்பு என்றால் இதற்கு ஏன் இவ்வளவு ஆதரவு தருகிறீர்கள்?
(ஒரு தாய், தெஹிவளை)

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது என்பதில் இரகசியம் ஒன்றும் இல்லை. 1989 இல் நியூ ஜேர்சி மாநிலச் செனட் சபையின் முன் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே, தாங்கள் நடத்துவது கேளிக்கை நிகழ்ச்சி என்று சொன்னது. ஆனால் விழுவது உண்மை. மேடை உருக்குச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் கன்வஸ் துணி. நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, இரு கைகளாலும் தரையை அறைந்து விழுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். தூக்கப்படுபவர் ஒத்துழைக்காவிட்டால் தூக்குபவரால் அவரைக் காப்பாற்ற முடியாது. உங்கள் பிள்ளைகளுக்கு இதை அப்படியே சொல்லுங்கள். 'பொய்' என்று சொன்னால்தான் அவர்கள் துணிந்து செய்வார்கள். 1999 மே மாதம் ஓவன் ஹார்ட் என்ற அருமையான மல்லர், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரும் வருகைக் காட்சியில் விழுந்து இறந்தார். மோதல் தொடங்கவே இல்லை. கொட்டாஞ்சேனைத் தம்பியும் இதைப் படிக்க வேண்டும்: பயிற்றுநர் இல்லாமல் ஒரு தூக்குக்கூட வேண்டாம்.

கேள்வி: பெயரையும் இலச்சினையையும் பதிவு செய்ய வேண்டுமா?
(சிறு ஆடை வியாபாரி, மருதானை)

பதில்: கட்டாயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதியலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்கலாம். யார் பெயரில் பதிகிறீர்கள் என்பதுதான் முக்கியம். உலகப் புகழ்பெற்ற மல்லர் இணையான டட்லி சகோதரர்கள் 2005 இல் வேறு நிறுவனத்துக்குப் போனபோது, பெயர் பழைய நிறுவனத்தின் சொத்தாக இருந்ததால் அதைக் கொண்டுபோக முடியவில்லை; 'டீம் 3டி' என்று புதிதாகத் தொடங்கினார்கள். கோடி ரோட்ஸ் என்ற மல்லர் 2016 இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யிலிருந்து விலகிய பிறகு, தந்தையார் புகழ்பெறச் செய்த 'ரோட்ஸ்' என்ற பெயரை ரிங்கில் பாவிக்க முடியாமல் சில ஆண்டுகள் வெறும் 'கோடி' ஆகவே மோதினார். உங்கள் டீ சேர்ட் வியாபாரத்துக்கு முன், மல்லரோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்யுங்கள். பெயர் மல்லருக்கே சொந்தமாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

கேள்வி: விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றுக்குக் கொடுப்பதற்கு ஒரு திட்டம் தயாரித்திருக்கிறேன்: 'தமிழ் ரோ'. வெள்ளி இரவு இரண்டு மணித்தியாலம், வருடம் முழுவதும். பிரதான மோதலுக்கு வெளிநாட்டு மல்லர்கள். திருத்தங்கள் சொல்வீர்களா?
(வெள்ளவத்தை)

பதில்: உங்கள் திட்டத்தை முழுவதும் படித்தேன். அட்டவணைகள் நேர்த்தி. ஆனால் இப்படியே கொடுத்தால் இரண்டாவது மாதமே களைத்துப்போவீர்கள். பெயரை விட்டுவிடுங்கள், 'ரோ' டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் வாராந்த நிகழ்ச்சி, அது ஒருவரின் சொத்து. நேரத்திலிருந்து தொடங்குவோம். 'ரோ' 1993 ஜனவரியில் தொடங்கியபோது ஒரு மணித்தியாலம்தான். 1997 இல் இரண்டு ஆனது, 2012 இல் மூன்று ஆனது. அவ்வளவு பணமும் ஆட்களும் உள்ளவர்களே மூன்று மணித்தியாலத்தை நிரப்பத் திணறியதை நாங்கள் வாராவாரம் பார்த்தோம். ஒரு மணித்தியாலம் போதும்.

வருடம் முழுவதும் வேண்டாம். பதின்மூன்று வாரம், ஒரு முடிவு, பிறகு ஓய்வு. லோஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பழைய பண்டகசாலைக்குள் எடுத்த 'லூச்சா அண்டர்கிரவுண்ட்' 2014 முதல் 2018 வரை நான்கு பருவங்களாக வந்தது. அந்த இடத்துக்குக் 'கோவில்' என்று பெயர். அதன் உரிமையாளர் ஒரு பாத்திரம். பின்னறைக் காட்சிகளைத் திரைப்படம் போலவே எடுத்தார்கள். தொடக்கமும் முடிவும் உள்ள மல்யுத்தக் கதை தொலைக்காட்சியில் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். செலவுதான் அவர்களை அழுத்தியது. எங்களுக்கு அந்த அலங்காரம் தேவையில்லை, ஒழுங்கு மட்டும் போதும்.

விளம்பர இடைவேளைக்கு உங்கள் திட்டத்தில் வழியே இல்லை. மோதலின் நடுவில் விளம்பரம் போட்டால் பார்ப்பவருக்குக் கோபம் வரும். இங்கிலாந்தில் ஐ.ரி.வி. தொலைக்காட்சி சனிக்கிழமை நான்கு மணிக்குக் காட்டிய பழைய மல்யுத்தத்தில், குத்துச்சண்டையைப் போல மோதலைச் சுற்றுகளாகப் பிரித்திருந்தார்கள். பிக் டாடி, ஜயன்ட் ஹேஸ்டாக்ஸ் எல்லாம் அந்த முறையில் மோதியவர்கள். ஐந்து நிமிடச் சுற்று, மணி, விளம்பரம், மறுபடி மணி. சுற்று முடியும் தறுவாயில் ஒருவர் பிடிக்குள் சிக்கி, மணி அவரைக் காப்பாற்றினால், விளம்பரம் முடியும்வரை எவரும் அலைவரிசையை மாற்ற மாட்டார்கள். இதை இன்று வாராந்த நிகழ்ச்சிகளில் காண்பது அரிது. நீங்கள் செய்யுங்கள்.

வெளிநாட்டு மல்லர்களைப் பிரதான மோதலில் வைப்பதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். புனேயில் எடுத்த 'ரிங் கா கிங்' என்ற மல்யுத்த நிகழ்ச்சி 2012 இல் இந்தியாவின் கலர்ஸ் அலைவரிசையில் வந்தது. பணம் இருந்தது, பெயர்பெற்ற அமெரிக்க மல்லர்கள் வந்தார்கள், ஹர்பஜன் சிங் விளம்பர முகமாக நின்றார். ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. விருந்தினர் திரும்பிப் போன பிறகு தெருவில் சந்திப்பதற்கு ஒரு மல்லர் இருக்க வேண்டாமா? வெளிநாட்டிலிருந்து பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். காசை அதில் போடுங்கள்.

இனிப் பகை. பார்ப்பவர் எந்தப் பக்கம் நிற்பார்? எங்கள் ஊரில் கண்ணகி வழிபாட்டோடு கொம்புமுறி நடக்கும்போது ஊரார் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து கொம்பை இழுப்பார்கள். நீ எந்தச் சேரி என்று எவரும் யோசிப்பதில்லை. அது வழிவழியாக வருவது. அம்மன் வழிபாட்டின் பெயர்களை எடுத்து மல்யுத்தத்துக்கு வைக்க நான் ஒருபோதும் சம்மதியேன். ஆனால் அந்த ஒழுங்கு எங்களுக்கு வேண்டும்: பக்கத்தைப் பார்ப்பவர் தேடிப் போகக்கூடாது, ஏற்கெனவே அதில் இருக்க வேண்டும்.

கொழும்பில் அது தயாராக இருக்கிறது. கொழும்பு 1 முதல் கொழும்பு 15 வரை தபால் வலயங்கள். கொட்டாஞ்சேனை 13, வெள்ளவத்தை 6, தெமட்டகொடை 9, மருதானை 10, முகத்துவாரம் 15. ஒவ்வொரு மல்லரும் ஒரு வலயத்துக்காக மோதட்டும். நெஞ்சில் பெரிய இலக்கம். வேறு சின்னமே வேண்டாம். தமிழில் வாசிப்பவரும் சிங்களத்தில் வாசிப்பவரும் ஆங்கிலத்தில் வாசிப்பவரும் ஒரே பார்வையில் படிக்கும் எழுத்து இந்த நகரத்தில் இலக்கம் ஒன்றுதான். கறுப்பு டீ சேர்ட்டில் வெள்ளை 13. ஒரே சட்டத்தில் அச்சடித்துவிடலாம். அதை அணிந்து ஒரு பிள்ளை பஸ்ஸில் ஏறினால், எதிரே 6 ஐ அணிந்திருக்கும் பிள்ளை முறைத்துப் பார்க்க வேண்டும். பிறகு இருவரும் சிரிக்க வேண்டும். உங்கள் நிகழ்ச்சிக்குப் பெயர் 'பதினைந்து'. தலைப்பு இசை, வர்ணனையாளரின் மேசை, பட்டம் வென்றவர் அணியும் பெல்ட் எல்லாம் அந்த இலக்கங்களிலிருந்தே வரட்டும். பெல்ட்டின் நடுத் தகட்டைக் கழற்றி மாட்டக்கூடியதாகச் செய்து, வென்றவரின் வலய இலக்கத்தை அதில் பொருத்துங்கள். அந்த இலக்கம் மாறும் காட்சியே ஒவ்வொரு பட்டப் போட்டியின் முடிவாக இருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்க மல்யுத்தத்தில் கெட்டவரை உருவாக்க மிக மலிவான வழி அவரை அந்நியராக்குவது. ஈரான் கொடியோடு அயர்ன் ஷேக். வளைகுடாப் போர் நடந்த 1991 இல் ஈராக்கை ஆதரிப்பவராக சார்ஜன்ட் ஸ்லோட்டர். 2004 இல் முஹம்மது ஹசன் என்ற பாத்திரம். ஹசனின் ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டு அண்டர்டேக்கரைத் தாக்கிய காட்சி, இலண்டன் குண்டுவெடிப்பு நடந்த 2005 ஜூலை 7 அன்றே ஒளிபரப்பானது. அத்தோடு அந்தப் பாத்திரம் முடிந்தது. அதை நடித்த இளைஞரின் வாழ்க்கையும் திசைமாறியது. எங்கள் நாட்டில் ஓர் இனத்தையோ மதத்தையோ மொழியையோ கெட்டவருக்குப் பூசும் மல்யுத்தம் ஒரு நாளும் வரக்கூடாது. தபால் இலக்கத்தை நான் விரும்புவதற்கு முதற்காரணம் இதுதான். 13 இலும் 9 இலும் 15 இலும் எல்லோரும் வாழ்கிறார்கள். கெட்டவர் கெட்டவராக இருப்பது அவர் செய்த காரியத்தால் இருக்கட்டும்: நண்பனின் காலை வாரினார், பந்தயத்தில் ஏமாற்றினார், குருவை அவமதித்தார். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

வர்ணனை தமிழிலேயே இருக்கட்டும். மல்லர்கள் தங்களுக்கு வாயில் வரும் மொழியில் பேசட்டும். கீழே எழுத்தில் போடுங்கள். பேட்டிகளை அரங்கின் பின்னறையில் எடுக்க வேண்டாம். 11 ஐச் சேர்ந்தவரைச் செட்டியார் தெருவில், 6 ஐச் சேர்ந்தவரை வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், 15 ஐச் சேர்ந்தவரை முகத்துவாரத்து மீன்பிடிப் படகுகளின் நடுவில் நிறுத்திப் பேசவிடுங்கள். செட் போடும் செலவும் மிச்சம்.

கேள்வி: பெண்களுக்கு இதில் இடம் உண்டா? இடையில் ஐந்து நிமிடம் தருவார்களா?
(கராத்தே பயிலும் மாணவி, வத்தளை)

பதில்: தங்கையே, ஐந்து நிமிடம் தந்தால் வாங்காதீர்கள். 2008 முதல் பெண்களுக்கென்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. கொடுத்த பெல்ட் ஓர் இளஞ்சிவப்பு வண்ணத்துப்பூச்சி. அதை அணிந்தவர்களில் மிகத் திறமையானவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பூச்சியே 'இவர்கள் இடைவேளை' என்று பார்ப்பவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2016 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு, ஆண்களின் பெல்ட்டைப் போலவே அமைந்த பெண்கள் பட்டத்தை அறிமுகப்படுத்தினார்கள். மூன்றே ஆண்டில், 2019 ஏப்ரலில், பெக்கி லிஞ்ச், ரொண்டா ரௌசி, சார்லட் பிளேயர் மூவரும் ரெஸில்மேனியாவின் கடைசி மோதலில் நின்றார்கள். ஒரு தகட்டின் வடிவம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. நேரமும் கதையும் கொடுத்தார்கள், தகடு அதற்கு இடைஞ்சலாக நிற்காமல் விலகியது. 'பதினைந்து' நடந்தால் பெண்களுக்கும் அதே இலக்கம், அதே அளவு எழுத்து, அதே பெல்ட் என்று வெள்ளவத்தை நண்பருக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

கேள்வி: இப்படி ஒன்று வந்தால் கொழும்பில் எங்கே நடத்தலாம்? சுகததாச உள்ளக அரங்கு கிடைத்தால் பெரிதாகச் செய்யலாம் அல்லவா?
(ஒலி, ஒளி அமைப்பாளர், கிராண்ட்பாஸ்)

பதில்: பருவத்தின் கடைசி மோதலுக்கு அந்த அரங்கை வைத்துக்கொள்ளுங்கள். வாராந்தப் பதிவுக்குச் சிறிய மண்டபமே நல்லது. 'ரோ' பிறந்தது நியூ யோர்க் மன்ஹட்டன் சென்டரின் மண்டபத்தில். சனம் ரிங்கை ஒட்டியே இருக்கும். ஈ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனத்தின் வீடு தென் பிலடெல்பியாவில் இருந்த ஒரு பிங்கோ மண்டபம். அங்கே எழுந்த கூச்சல் பெரிய அரங்குகளில்கூடக் கேட்டதில்லை. பாதி வெறுமையான பெரிய அரங்கைக் கமரா மறைக்காது.

உங்கள் தொழிலுக்கு ஏற்ற ஒரு நுணுக்கம்: பிரதான கமரா ஒரே பக்கத்தில் அசையாமல் நிற்கும். வீட்டில் பார்ப்பவர் காண்பது அதற்கு எதிர்ப்பக்கச் சனத்தை மட்டுமே. மல்லர்களும் வலியை அந்தக் கமராவுக்குத்தான் காட்டுவார்கள். எனவே மண்டபத்துக்குள் போனதும் முதலில் கமராவின் இடத்தை முடிவு செய்யுங்கள். நுழைவாயிலை அதன் இடப்பக்கமோ வலப்பக்கமோ வையுங்கள், நேர் எதிரே வைத்தால் வருகையின்போது அந்தச் சுவரில் சனம் இல்லாமல் போகும். எதிர்ப்பக்க வரிசைகளின் மேல் மெல்லிய வெளிச்சம் எப்போதும் இருக்கட்டும், முழு இருள் வேண்டாம். டிக்கெட் விற்கும்போது அந்த வரிசைகளை முதலில் நிரப்புங்கள். கமராவுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளைக் கடைசியாகத் திறந்தால் போதும்.